லேபிளில் 50, தோலில் எவ்வளவு?

செப்டம்பரின் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு நியூசிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். வெலிங்டன் வாசகர்களின் கடிதங்களில் ஒரே சந்தேகம்: சென்னை வெயிலைப் பார்த்த நமக்கு, இந்தக் குளிர்காற்று ஊரில் சன்ஸ்கிரீன் எதற்கு?

கடற்காற்று சூட்டைத்தான் தணிக்கும், புற ஊதாக் கதிரை அல்ல. புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். அங்கே கோடை உச்சியில் அது 10-ஐத் தாண்டும். தூய காற்று, மெலிந்த ஓசோன், ஜனவரியில் சூரியனை நெருங்கும் பூமி ஆகியவையே காரணம். கடிகாரத்தை முன்னே தள்ளிய பின் உச்சிவேளை 12 மணி அல்ல. கோடை நடுவில் ஏறக்குறைய ஒன்றரை.

என்னை உறுத்துவது டியூபின் மேல் அச்சிட்ட எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு) எண். ஆய்வகத்தில் குறைந்தது பத்துப் பேரின் முதுகில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி, விளக்கொளி பாய்ச்சி, மறுநாள் தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கணக்கிடும் எண் அது. வெளிர்நிறத் தோலில்தான் இந்தச் சோதனை. அதே கனத்தில் உடல் முழுக்கப் பூச, பெரியவருக்கு ஏழு டீஸ்பூன், அதாவது 35 மில்லி தேவை. 100 மில்லி டியூப் மூன்று தடவைக்குக் காணாது. யார் அப்படிப் பூசுகிறார்கள்? பாதி பூசினால் பாதுகாப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும்.

2022-இல் நியூசிலாந்து, இப்படிச் சோதிக்கச் சொல்லும் தரநிலையைச் சட்டமாக்கியது. ஆனால் சோதனைக்கு ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரே. இதே தரநிலை உள்ள ஆஸ்திரேலியாவில், 2025-இல் 'சாய்ஸ்' நுகர்வோர் அமைப்பு சோதித்த 20 சன்ஸ்கிரீன்களில் 16, லேபிள் சொன்ன எண்ணை எட்டவில்லை. 50+ என்று விற்ற ஒன்று 4-இல் நின்றது. கடை அலமாரியிலிருந்து எடுத்துச் சோதித்து முடிவை வெளியிடும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும்.

மற்ற கேள்விகள்:

கருப்புத் தோலுக்குத் தேவையா? தோல் புற்றுநோய் அபாயம் குறைவு, இல்லாமல் போவதில்லை. கண்புரைக்கு நிறம் தடையே அல்ல.

மேகமூட்டம்? மெல்லிய மேகம் பெரும்பகுதியை உள்ளே விடும்.

கார் கண்ணாடி? பக்கக் கண்ணாடி புற ஊதா பி (யு.வி.பி) கதிரைத் தடுக்கும், புற ஊதா ஏ (யு.வி.ஏ) கதிரை முழுதாகத் தடுக்காது.

எத்தனை மணிக்கொருமுறை? இரண்டு, நீந்தினாலோ வியர்த்தாலோ உடனே.

எதை முதலில் நம்புவது? நிழல், முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. சன்ஸ்கிரீன், இவை மூடாத இடத்துக்கு மட்டும்.