பல் டாக்டரிடம் இருமலை மறைக்காதீர்கள்

தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1-ந்தேதி. மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பல் கிளினிக்குகளை மூடி வைக்கச் சொன்னது. பல் வலி மட்டும் காத்திருக்கவில்லை!

ஏன் அந்தப் பயம்? பல்லைக் குடையும் எந்திரம் சூடாகாமலிருக்கத் தண்ணீரைப் பீய்ச்சும். அது எச்சிலோடு கலந்து, பனிபோல அறையில் மிதக்கும். வாயில் உறிஞ்சு குழாய் வைப்பதும், டாக்டர் முகமூடி அணிவதும் இதற்காகத்தான். ஏ.சி.க்காக ஜன்னலை அடைத்த சின்ன அறை ஆபத்து. அடுத்தவர் உட்காருமுன் காற்று மாற வேண்டும்.

லீவு போட்டு வந்தாயிற்றே என்று காய்ச்சலையும் சளியையும் மறைக்கிறவர்கள் உண்டு. பல் சுத்தம் செய்வது ஒரு வாரம் தள்ளிப்போனால் நஷ்டமில்லை. முகம் வீங்கியிருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரமாக இருமலா? முதலில் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கு அங்கே சோதனையும் மருந்தும் இலவசம்.