பதநீர்க் கொப்பரையைச் செப்பனிடுதல்

பனைவெல்லம் காய்ச்சுவோர் மரத்தையும் பாளையையும் அரிவாளையும் கவனிக்கும் அளவிற்குக் கொப்பரையைக் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டிலின் மூலையில் கிடந்த கொப்பரையைப் பாளை சீவத் தொடங்கிய பிறகே எடுத்துப் பார்க்கின்றனர். அடியில் துளை தெரிந்தால், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அவசரமாக அடைக்கின்றனர். ஏறக்குறைய எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும். பாகு இறுகும் தறுவாயில் கொப்பரை ஒழுகுமாயின், அன்று காலை ஏறிய மரங்களெல்லாம் ஏறாத மரங்களே.

1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு அமலுக்கு வந்தபோது, கள்ளிறக்கிய மரங்களைப் பதநீருக்கும் வெல்லத்துக்கும் திருப்ப அரசாங்கத்தார் முயன்றனர். இத்தொழில் தெற்கே தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கங்களிலேயே பெரிதாக நிலைத்தது. எனினும் எளாவூர் போன்ற வடகோடி ஊர்களில் பதநீரைக் காய்ச்ச விரும்புவோர் இரண்டு விஷயங்களைத் தனியே எண்ணிப் பார்க்கவேண்டும். பழவேற்காட்டு ஏரி அண்மையில் உள்ளமையால் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அருகிலிருப்பதால் பழைய தகடும் பீப்பாயும் எளிதில் கிடைக்கும். இந்த இரண்டாவது வசதியே ஆபத்தாகவும் முடியக்கூடும்.

கொப்பரை தேய்வதற்கு முதற்காரணம் நெருப்பு என்று பலரும் எண்ணுவர். உண்மையில் முதற்காரணம் சுண்ணாம்பு. பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்பின் மிகுதி, காய்ச்சும்போது அடியில் கல்போலப் படிகிறது. அப்படிவு வெப்பத்தைப் பாகிற்குச் செல்லவிடாமல் தடுப்பதால் அடித்தகடு அளவுக்கு மீறிச் சூடேறிப் புடைக்கிறது. அதன் மேலுள்ள பாகும் கருகுகிறது. பிறகு அதை இரும்புக் கரண்டியால் சுரண்டுகின்றனர். சுரண்டிய இடத்தில் துரு ஏறுகிறது; துரு ஏறிய இடமே அடுத்த ஆண்டின் துளை. புளி கரைத்த நீரைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டுப் படிவு இளகியபின் மரத்துடுப்பால் தள்ளி, நல்ல நீரால் கழுவிவிடுவதே முறை.

மார்கழியிலேயே கொப்பரையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஊசித்துளையும் வெளிச்சத்தில் தெரியும். பின்னர் அடியைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக. தடிப்பான இடம் கணீரென ஒலிக்கும். மெலிந்த இடத்தில் ஓசை மங்கும், கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்கும். துளை பக்கச்சுவரில் ஒன்றிரண்டாக இருந்து, சுற்றிலும் தகடு கெட்டியாக இருந்தால் ஒட்டுப்போடலாம். அதே உலோகத்தில் வெட்டிய ஒட்டைத் தீப்படும் வெளிப்புறத்தில் வைத்து வெல்டிங் செய்து, உட்புறத்தை மழமழவென்று தேய்த்துவிடவேண்டும். அடியின் நடுவே துளை விழுந்தால் அக்கொப்பரை முடிந்தது என்றே கொள்ளவேண்டும். அங்கே ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த துளை விழும்.

பற்றாசு வைத்து அடைப்பது மிகத் தவறு. வாணிபத்தில் வழங்கும் சாதாரணப் பற்றாசில் வெள்ளீயத்தோடு காரீயமும் உண்டு. அது 180 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலேயே இளகத் தொடங்கும். பாகு வற்றி அடி காய்ந்தால் ஒட்டு கழன்றுவிடும். கழலாதிருந்தாலோ காரீயம் வெல்லத்தில் கலக்கும். அது சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சிப் பாகெடுப்போருக்கும் இத்தொல்லை நேர்ந்தது. அந்நீரில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்களவே. நாற்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு பாகு. அவ்வளவு நீரும் வற்றும்வரை காரீயப் பற்றாசு வைத்த மூட்டுகள் அதில் ஊறிக்கிடந்தன. இதனை அறிந்தபின் அவர்கள் வெல்டிங் செய்த துருவேறா எஃகுத் தட்டுகளுக்கு மாறினர்.

புதிதாக வாங்குவோர் விலையை மட்டும் பார்க்கலாகாது. ஆலைகளிலிருந்து வரும் பீப்பாயைப் பிளந்து செய்த கொப்பரை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். அதில் முன்னே என்ன இருந்தது என்பதைக் கழுவிக் கண்டுபிடிக்க இயலாது. துத்தநாகம் பூசிய தகடும் உதவாது. புளித்த பதநீரும் சுண்ணாம்பு மிகுந்த பதநீரும் ஆகிய இரண்டுமே துத்தநாகத்தைக் கரைப்பன. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் சிறந்ததாயினும் விலை மிகுதி. வெள்ளீயப் பூச்சு தேயத்தேயப் புதுப்பிக்கவும் வேண்டும்.

எஞ்சுவன கெட்டியான இரும்புத் தகடும் எவர்சில்வரும். எவர்சில்வரில் 304 வகையைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குக. காந்தம் ஒட்டவில்லை என்பது சான்றாகாது. மட்டமான 202 வகையிலும் அது பெரும்பாலும் ஒட்டாது, ஆனால் உப்புக்காற்றில் அது விரைவில் கெடும். எவர்சில்வர் இரும்பைவிட வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஆதலால் தீ ஓரிடத்தில் குவியாமல் அடி முழுவதும் பரவும்படி அடுப்பை அகலமாக மாற்றிக் கட்டவேண்டும்; இல்லையேல் நடுவில் பாகு கருகும். அடுப்பை மாற்ற வசதியில்லாதோர் இரும்போடு இருப்பதே நலம்.

பருவம் முடிந்ததும் இரும்புக் கொப்பரையைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உள்ளும் புறமும் தேங்காயெண்ணெய் தடவி, மண்ணில் படாமல் உத்தரத்தில் கவிழ்த்துக் கட்டவேண்டும். தை பிறந்தபின் சிக்குப்பிடித்த எண்ணெயைச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவி, முதலில் வெறும் நீரை ஒருமுறை கொதிக்கவிட்டுக் கொட்டியபின் பதநீரை ஊற்றலாம்.