குதிரைக்கு வியர்க்குமா?



குதிரைக்கு வியர்க்குமா என்று பாயான் பாருவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். நின்றுகொண்டே தூங்குமா, லாடம் அடித்தால் வலிக்காதா, என்னதான் சாப்பிடும் என்று மற்றவர்களும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் வியர்வைக் கேள்விக்குத்தான் முதலிடம். பினாங்கைப் போன்ற புழுக்கமான ஊரில் ஒரு குதிரை நலமாக இருப்பதும் நோயில் விழுவதும் பெரும்பாலும் அந்த வியர்வையைப் பொறுத்தது.

வியர்க்கும். நம்மைவிடப் பல மடங்கு வியர்க்கும். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும். எருமை சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பு முழுக்க வியர்வை வழியவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் உயிரினங்கள் மிகச் சிலவே. அவற்றில் மனிதரும் குதிரையும் முன்வரிசையில் இருக்கிறார்கள். வெயில் நாளில் கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வையை இழக்கக்கூடும். உங்கள் வீட்டுத் தண்ணீர் வாளி ஒன்று கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

அவ்வளவு வியர்வை எதற்கு? தசை வேலை செய்யும்போது செலவாகும் சக்தியில் சுமார் கால்பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முக்கால்பங்கும் வெப்பமாகிறது. பந்தயக் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. அதில் பெரும்பகுதி தசை. உடம்பு பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு குறைந்துகொண்டே போகும். உள்ளே அடுப்பு பெரிது, வெப்பம் வெளியேறும் வாசல் சிறிது. அந்தச் சிறிய வாசலைத்தான் வியர்வை அகலத் திறந்துவைக்கிறது.

ஓடி முடித்த குதிரையை அருகில் நின்று பார்த்தால், கடிவாள வார் உரசும் கழுத்துப் பக்கத்திலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் வெள்ளையாக நுரை கட்டியிருக்கும். குதிரையின் வியர்வையில் லாத்தெரின் என்றொரு புரதம் கலந்திருக்கிறது. குதிரையின் மயிரில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் வெறும் தண்ணீர் பட்டால் உருண்டு விழுந்துவிடும். லாத்தெரின் அந்தத் தண்ணீரை மயிரின் நுனிவரை பரவவைக்கிறது. பரவினால்தான் காற்று அதை எளிதில் உலர்த்தும். வார் உரசும் இடத்தில் அதே புரதம் நுரைக்கிறது. குதிரையின் வியர்வை நம்முடையதைவிட உப்பு மிகுந்தது. அதனால்தான் லாயங்களில் குதிரை நக்குவதற்கு உப்புக்கட்டி வைத்திருப்பார்கள்.

இப்போது ஒரு சிறிய சோதனை. ஒரு கையை நனைத்துவிட்டு ஊதிப் பாருங்கள், சில்லென்று இருக்கும். பிறகு மறுகையை நனைத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, மணிக்கட்டில் பையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருங்கள். கை ஈரமாகவே இருக்கும், பிசுபிசுக்கும், குளிர்ச்சி வராது. வியர்வை வழிவதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகிப் பறக்கும்போதுதான் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பைக்குள் இருக்கும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்துவிட்டதால் அதற்கு மேல் ஏற்றுக்கொள்ள இடமில்லை. பினாங்கில் மழை பெய்து ஓய்ந்த மதிய நேரத்தில் ஒரு குதிரை இருப்பது ஏறக்குறைய அந்தப் பைக்குள்தான்.

நம் தீவில் பல தலைமுறைக் குதிரைகள் இந்தப் புழுக்கத்தோடு வாழ்ந்திருக்கின்றன. 1864இல் தொடங்கப்பட்ட பினாங்கு டர்ஃப் கிளப் இந்த நாட்டிலேயே மிகப் பழமையான குதிரைப் பந்தயச் சங்கம். பத்து கந்தோங்கில் மலைச்சாரலை ஒட்டியிருக்கும் அதன் பச்சைத் திடலை உங்களில் பலர் கார் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பீர்கள். 2025 மே மாதம் அங்கே கடைசிப் பந்தயம் நடந்தது. பந்தயத்தின் மேல் பணம் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்கே குதிரைகளைப் பராமரித்தவர்களின் அறிவு மேல் பெரிய மரியாதை உண்டு. குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திச் செல்பவரை இங்கே சைஸ் என்பார்கள். வெப்ப நாட்டில் சைஸின் நாள் பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் ஓட்டப் பயிற்சியை முடித்தாக வேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவி, மூச்சு சீராகும்வரை நடத்தி, பிறகு மின்விசிறி ஓடும் லாயத்தில் கட்டுவார்கள்.

சூடாக இருக்கும் குதிரை மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று நெடுநாள் ஒரு நம்பிக்கை இருந்தது. 1996ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்தது. கோடையில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும் ஊர் அது. குதிரைகள் தாங்குமா என்ற கவலையில் விஞ்ஞானிகள் முன்கூட்டியே ஆய்வு செய்தார்கள். குளிர்ந்த நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவதால் கெடுதல் இல்லை, குதிரை விரைவாகக் குளிர்கிறது என்று தெரியவந்தது. போட்டியின்போது நீர்த்திவலைகளைத் தூவும் பெரிய மின்விசிறிகளையும் வைத்தார்கள்.

சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். இதற்கு அன்ஹைட்ரோசிஸ் என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்திலிருந்து இந்தியா, மலாயா போன்ற வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகளிடம்தான் மருத்துவர்கள் இதை முதலில் கவனித்து எழுதினார்கள். வந்த புதிதில் அந்தக் குதிரைகளுக்கு அளவுக்கு மீறி வியர்க்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். கடைசியில் பிடரி மயிருக்கு அடியிலும் சேணம் படும் இடத்திலும் கால் இடுக்கிலும் மட்டும் ஈரம் கசியும். மற்ற இடமெல்லாம் வறண்டு கிடக்கும். ஓடி முடித்து நெடுநேரம் ஆன பிறகும் விலா வேகமாக ஏறி இறங்கும். உடம்பு கொதிக்கும்.

காரணம் குதிரையின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அதன் வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் முக்கியமான வேதிப்பொருள் அட்ரினலின். பயந்துபோன குதிரைக்குத் திடீரென்று வியர்ப்பது இதனால்தான். இரவு பகல் ஓயாத வெப்பத்தில் அட்ரினலின் விடாமல் தூண்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் சுரப்பிகள் அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். குதிரையைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுவதே இதற்குச் சிறந்த வழி. முடியாதபோது நிழல், விசிறி, தண்ணீர், உப்பு, ஓய்வு.

நம் முன்னோர் ஊரிலும் குதிரைகள் தவித்திருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் காயல் என்ற பெரிய துறைமுகம் இருந்தது. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து பாண்டிய மன்னருக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல் கடந்து வந்தன. அந்தக் காலத்தில் வந்த பயணி மார்கோ போலோ, அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துபோவதாகவும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்றும் எழுதியிருக்கிறார். குதிரைகளுக்கு இறைச்சி கலந்த சோறு போட்டார்களாம். பயணிகள் கொஞ்சம் மிகைப்படுத்துவது வழக்கம். ஆனால் அந்தச் சோற்றைப் பற்றிய சேதி உண்மையென்றால், குதிரைகள் இறந்ததில் வியப்பில்லை.

ஏனென்றால் குதிரையின் வயிறு விசித்திரமானது. அவ்வளவு பெரிய விலங்கின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மாட்டைப்போல அசைபோடவும் தெரியாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் 14, 16 மணி நேரம்கூட மேய்ந்துகொண்டே இருக்கும். தின்னாத நேரத்திலும் இரைப்பையில் அமிலம் ஊறிக்கொண்டே இருப்பதால் நெடுநேரம் பட்டினி போட்டால் புண் வந்துவிடும். புல்லிலிருந்து சத்தைப் பிரித்தெடுக்கும் வேலை இரைப்பையைத் தாண்டி, பெருங்குடல் பக்கம் நடக்கிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கவைக்கின்றன. தீனியைத் திடீரென்று மாற்றினால் அந்த நுண்ணுயிர்கள் நிலைகுலைந்துபோகும். இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கம். ஒவ்வாத எதுவும் வெளியே வர வழியில்லை. உள்ளேயே வாயு கட்டி வலிக்கும். குதிரை திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்ப்பதும், காலால் தரையைப் பறிப்பதும், படுத்து உருள்வதும் வயிற்றுவலிக்கு அடையாளம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆசைக்குக்கூட நீங்கள் ரொட்டியோ நாசி லெமாக்கோ நீட்டக் கூடாது.

தூக்கத்துக்கு வருவோம். குதிரை நின்றபடியே தூங்கும். பின்னங்கால் முட்டிச் சில்லு தொடை எலும்பின் ஒரு விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால், தசைக்கு அதிக வேலை தராமல் நிற்க முடிகிறது. ஆனால் கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். அது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கும். மொத்தத் தூக்கமும் சுமார் மூன்று மணி நேரம்தான். பாதுகாப்பு என்று தோன்றினால் மட்டுமே படுக்கும். கூட்டமாக இருந்தால் ஒன்று நின்று காவல் காக்கும்.

லாடம் வலிக்காது, சரியாக அடித்தால். குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் என்ற பொருளால் ஆனது. அங்கே நரம்பு இல்லை. மாதத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிப்பார்கள். ஆணி கொஞ்சம் உள்ளே தள்ளி இறங்கினால் உயிருள்ள சதையில் குத்திவிடும். லாடம் அடிப்பவரின் கைத்திறன் அந்தச் சில மில்லிமீட்டரில் தெரியும்.

குளம்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் முக்கோண வடிவில் ரப்பர்போல ஒரு மெத்தை இருக்கும். அதன் இரு பக்கமும் ஆழமான பள்ளம். நம் ஊர் மழையில் சேறும் சாணமும் அந்தப் பள்ளத்தில் அடைந்துகொள்ளும். தினமும் வளைந்த கம்பியால் குதிகாலிலிருந்து முன்பக்கமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் கறுப்பாக ஒரு கசிவு வரும், மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு. குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். லாயத்தின் தரை காய்ந்திருப்பது அவ்வளவு முக்கியம்.

அந்தக் குளம்பு உண்மையில் ஒற்றை விரல். நம் நடுவிரலுக்குச் சமமான விரலின் நுனியில்தான் குதிரை ஓடுகிறது. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் மூதாதை நாயளவே இருந்தது. முன்னங்காலில் நான்கு விரல்கள், பின்னங்காலில் மூன்று. திறந்த புல்வெளியில் வேகமாக ஓட ஓட, தலைமுறை தலைமுறையாகப் பக்க விரல்கள் சிறுத்து மறைந்தன. அந்தப் பழைய விரல் கணக்கை இன்றும் வைத்திருக்கும் உறவுக்கார விலங்கு ஒன்று நம் மலேசியக் காட்டிலேயே இருக்கிறது. கறுப்பு வெள்ளை உடம்போடு உலவும் தாப்பிர்தான் அது. முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று விரல். மிருகக்காட்சிசாலைக்குப் போனால் எண்ணிப் பாருங்கள்.

எத்தனை வகைக் குதிரைகள் என்று கேட்டிருந்தீர்கள். நூற்றுக்கணக்கில் உண்டு. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனம் இங்கிலாந்தில் உருவானது. இன்றுள்ள எல்லாத் தரோபிரெட் குதிரைகளின் தந்தை வழியும் மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடியும். ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரைக்கு உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காதுகள், பார்க்கவே கொள்ளை அழகு. நம் நாட்டிலும் கிளந்தான் பக்கம் கூடா பாடி என்ற குள்ளக் குதிரை இருக்கிறது. சபாவின் கோத்தா பெலூட்டில் பாஜாவ் மக்கள் சிறுவயதிலிருந்தே குதிரையேறிப் பழகுகிறார்கள். குள்ளக் குதிரைகள் இந்த வெப்பத்தைப் பெரிய குதிரைகளைவிட நன்றாகத் தாங்கும். உடம்பு பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு குறையும் என்று முன்பே சொன்னேனே, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, குதிரை சவாரி செய்யப் போகிறவர்களுக்கு. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்கள் உள்ளவற்றில் குதிரையும் ஒன்று. தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் ஏறக்குறைய சுற்றியுள்ள அனைத்தையும் பார்க்கும். நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. நேர் பின்னால் நிற்பவரைப் பார்க்க முடியாது. அதனால் பின்னாலிருந்து போகாதீர்கள், பயந்து உதைத்துவிடும். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். மதிய வெயிலில் மூச்சிரைக்க நிற்கும் குதிரை மேல் ஏறாதீர்கள், அதன் கழுத்து காய்ந்து கிடந்தால் பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். கேரட் கொடுப்பதானால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, விரல்களைச் சேர்த்து, அதன் மேல் வைத்து நீட்டுங்கள். தன் வாய்க்கு நேர் கீழே இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. உதட்டைச் சுற்றியுள்ள நீண்ட மீசை மயிர்களால் தடவித்தான் எது கேரட், எது விரல் என்று தெரிந்துகொள்ளும். அழகுக்காக அந்த மயிரை மழிக்கும் வழக்கம் இருந்தது. 2021 ஜூலை முதல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் அதற்குத் தடை விதித்திருக்கிறது.