எந்தக் காய்ப்புழு?

குன்னம் பக்கம் ஒரு பருத்திக் காட்டில் நின்றிருந்தேன். காட்டுக்காரர் ஒரு காயைப் பிளந்து காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு. "எல்லாம் காய்ப்புழுதானே சார், எதை அடிச்சா என்ன?" என்றார். வங்கியில் இருந்தவனுக்கு இது சுருக்கென்றது. பெயர் தவறினால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடுமே!

அமெரிக்கன் காய்ப்புழு 'நாக்டுயிடே' குடும்பம். 2018-இல் நம் மக்காச்சோளத்தை அழித்த படைப்புழுவும் அந்தக் குடும்பம்தான். பருத்தி இல்லையென்றால் துவரை, தக்காளி என்று போய்விடும். இளஞ்சிவப்புப் புழுவோ 'ஜெலிக்கிடே' குடும்பம். குதிரில் நெல்லைக் குடைகிற அந்துப்பூச்சிக்கு இது பங்காளி. அது நெல்லுக்குள் வாழ்கிற மாதிரி, இது பருத்திக் கொட்டைக்குள் வாழும். வெளியே அடிக்கிற மருந்து அதைத் தொடாது.

1840-களில் குஜராத்தின் பரூச்சிலிருந்து போன பூச்சியை வைத்து, சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு முதலில் பெயர் வைத்தார். பிறகு பேரினம் சில முறை மாறியது. 1917-இல் பஸ்க் என்பவர் வைத்த 'பெக்டினோபோரா' நிலைத்தது. 'காசிப்பியெல்லா' என்ற பின்பாதி மட்டும் மாறவே இல்லை. பருத்தியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது அது. இன்று பருத்தி விளையும் நாடுகளில் பெரும்பாலும் இந்தப் பூச்சி இருக்கிறது.

2002-இல் பி.டி. பருத்தி வந்தபோது இனி காய்ப்புழுவே இல்லை என்றார்கள். 2010-இல் குஜராத்தில் இந்தப் புழு அதை எதிர்த்து நிற்பது வெளிவந்தது. இரண்டு மரபணு விதையும் பிறகு தோற்றது.

ஆனால் அதன் பலவீனமும் பெயரிலேயே இருக்கிறது. பருத்தியும் வெண்டை போன்ற அதன் சொந்தங்களும்தான் அதற்குத் தீனி. அறுவடை முடிந்ததும் கொட்டைக்குள்ளும் உதிர்ந்த காய்க்குள்ளும் தூங்கும். அதனால் கடைசிப் பறிப்போடு செடியைப் பிடுங்குங்கள். கோடை மழையில் துளிர்க்க விடாதீர்கள். பருத்திமாரைக் காட்டோரம் குவித்து வைக்காதீர்கள். கோடை உழவு போடுங்கள். பூவெடுக்கும் முன்பே இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஒரு பொறியில் தினம் எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் எச்சரிக்கை. இதழ் விரியாமல் ரோஜா மொட்டு மாதிரி சுருண்ட பூவைக் கிள்ளி அழியுங்கள். முட்டை வெளியே இருப்பதால் முட்டை ஒட்டுண்ணி விட்டால் பலன் உண்டு.

ஒருத்தர் செய்தால் போதாது, ஊரே சேர்ந்து செய்ய வேண்டும். செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஒரே ஒரு காட்டில் பருத்திமார் கிடந்தாலும், அடுத்த ஆவணியில் பக்கத்துக் காட்டுக்கு அந்துப்பூச்சி அங்கிருந்துதான் வரும்.