சரம், செண்டு, கதம்பம், கண்ணி... பூவுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

"அக்கா, மல்லி ரெண்டு முழம் கொடுங்க." பூக்கடையில் இப்படித்தான் கேட்போம். அதே மல்லியை மொபைல் ஆப்பில் உதிரியாக வாங்கினால் '100 கிராம்' என்று பாக்கெட்டில் வருகிறது. பூ ஒன்றுதான். ஆனால் கணக்கும் பெயரும் மாறிவிடுகின்றன. காரணம், பூவுக்கு நடுவில் ஒருவரின் கை வேலை இருக்கிறது. தமிழில் பூக்களின் சேர்க்கைக்கு இருக்கும் பல பெயர்கள் அந்த வேலையைத்தான் சொல்கின்றன.

உதிரி Vs கட்டுன பூ

செடியிலிருந்து பறித்து, கட்டாமல் விற்பது உதிரிப்பூ. 'உதிர்' என்பதிலிருந்து வந்த சொல். இதை எடை போட்டு விற்பார்கள். கட்டிவிட்டால் அதே பூ முழக் கணக்குக்கு மாறிவிடும். அந்த விலையில் பூவோடு நாரும், கட்டியவரின் கூலியும் சேர்ந்திருக்கும்.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம். சுமார் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. இரண்டு சாண் சேர்ந்தால் ஒரு முழம். அளப்பவர் கையைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். அதைவிட முக்கியம், நெருக்கம். இடைவெளி விட்டுக் கட்டிய ஒரு முழத்தில் பூ குறைவாகத்தான் இருக்கும்.

சரமும் சரவெடியும் சொந்தமா?

ஆமாம். வரிசையாகக் கோத்தது எதுவானாலும் சரம்தான். பூவைக் கோத்தால் பூச்சரம், பட்டாசைக் கோத்தால் சரவெடி. ஆனால் 'சரமாரியாகக் கேள்வி கேட்டார்' என்பதில் வரும் சரம் வேறு. அங்கே சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை.

தொடுத்தால் அது தொடை

வாழை நாரில் விரலாலேயே முடிச்சுப் போட்டுப் பூவை இணைப்பது தொடுப்பது. ஊசி நூலில் குத்தி இழுத்தால் கோப்பது. 'தொடு' என்ற வினையிலிருந்து பிறந்த 'தொடை' என்ற சொல்லுக்கு மாலை என்றும் பொருள் உண்டு.

ஸ்கூலில் படித்த மோனை, எதுகை ஞாபகம் இருக்கிறதா? அவற்றுக்கும் யாப்பிலக்கணத்தில் தொடை என்றுதான் பெயர். பூவை அடுத்தடுத்து வைத்துத் தொடுப்பதுபோல, ஓசையை வைத்துச் சொற்களைத் தொடுக்கிறார்கள். பாமாலை, மும்மணிக்கோவை போன்ற பெயர்களும் இதே பாணிதான்.

கண்ணி: பூவா, பொறியா?

இரண்டும்தான். சங்க இலக்கியத்தில் பொதுவாகத் தலையில் சூடுவது கண்ணி, ஆண்கள் மார்பில் அணிவது தார். பறவை பிடிக்கப் போடும் சுருக்குக் கயிறும் கண்ணிதான். கண்ணிவெடி என்ற சொல்லில் இருப்பது இந்தப் பொருள். இரண்டிரண்டு அடிகளாக வரும் பாடல் வகைக்கும் கண்ணி என்றே பெயர். தாயுமானவரின் பராபரக்கண்ணி இந்த வகைதான்.

பெண்கள் சூடும் மாலைக்குக் கோதை என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இன்னொரு பெயரும் அதுவே. அங்கே ஆண்டாள் சூடிய மாலை, பிரம்மோற்சவ கருட சேவைக்காகத் திருப்பதிக்கு இன்றும் போகிறது.

செண்டு, கதம்பம், பொக்கே

கன்னடத்தில் 'செண்டு' என்றால் பந்து. தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. பந்துபோல உருண்டையாகக் கட்டினால் பூச்செண்டு. உருண்டையாகப் பூக்கும் செண்டுமல்லியைத் தெலுங்கில் 'பந்தி பூ' என்கிறார்கள். அங்கே பந்தி என்றாலும் பந்துதான்!

கதம்பம் என்றால் கலவை. மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எனப் பலவற்றைக் கலந்து கட்டுவதால் இந்தப் பெயர். கதம்ப சாதமும் அப்படித்தான்.

பொக்கே பிரெஞ்சுச் சொல். அதன் பழைய பொருள் சின்னத் தோப்பு. மரக்கூட்டத்தைக் குறித்த சொல், பிறகு பூக்கூட்டத்துக்கு வந்துவிட்டது. இதற்கு நம்மிடம் பூங்கொத்து இருக்கிறது. இந்தக் கொத்துக்கும் கொத்து பரோட்டாவுக்கும் சம்பந்தமில்லை. பரோட்டாவில் இருப்பது 'கொத்துதல்'.

பெயர் போனால் என்ன போகும்?

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையில் கட்டப்படும் மாணிக்க மாலையைப் பாருங்கள். வெள்ளை, சிவப்பு அரளிப் பூக்களையும் பச்சை நொச்சி இலையையும் மடித்து, பாய் பின்னுவதுபோலத் தட்டையாகப் பின்னுகிறார்கள். பார்க்க மணி பதித்த மாதிரி இருக்கும். 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம்: மதுரையின் குறியீடு அங்கே விளையும் பூவுக்கு. தோவாளையின் குறியீடு கட்டும் விதத்துக்கு.

எல்லாவற்றையும் 'பூ பாக்கெட்', 'பொக்கே' என்று சொல்லப் பழகினால், கட்டியது யார், எப்படி என்ற கேள்வியே வராது. அடுத்த முறை பூ வாங்கும்போது இது சரமா, கதம்பமா, நெருக்கமாகக் கட்டினதா என்று கேட்டுப் பாருங்கள். முழத்துக்கு விலை ஏன் அவ்வளவு என்பதும் புரியும்.