மிதவிசைத் தோட்டா (சுழல்துப்பாக்கி)

மிதவிசைத் தோட்டா என்பது வழக்கமானதைவிடக் குறைந்த வேகமும் குறைந்த பின்னுதைப்பும் உடையதாக நிரப்பப்படும் தோட்டா ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடுவோர் பலர், ஒருமுறை சுட்ட பித்தளை உறையில் புதிய பற்றவைப்பி, வெடிமருந்து, ஈயக் குண்டு ஆகியவற்றை இட்டு இதனைத் தாமே செய்துகொள்கின்றனர். சிக்கனம் ஒரு காரணம். கை அதிராமல் குறிபார்த்துச் சுட முடிவது மற்றொன்று.

.32 குடும்பம்

சிறு விட்டச் சுழல்துப்பாக்கிகளுக்கு (ரிவால்வர்) .32 வகை நல்ல எடுத்துக்காட்டு. பெயர் அவ்வாறிருப்பினும் குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.312 அங்குலமே (7.9 மி.மீ.). 1896-ல் வந்த .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், 1984-ல் வந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னம், 2007-ல் அறிவிக்கப்பட்ட .327 ஃபெடரல் மேக்னம் ஆகியவை ஒரே விட்டமுடையவை. உறையின் நீளம் முறையே 23.4, 27.3, 30.5 மி.மீ. ஆகும். நீண்ட தோட்டாவுக்கான துப்பாக்கியில் குட்டையானதைச் சுடலாம். மறுதலையாகச் சுடுதல் கூடாது. லாங் வகைக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 15,000 பவுண்டு, .327-க்கு 45,000 பவுண்டு. எனவே .327 துப்பாக்கி உடையவருக்கு மிதவிசைக்கான எளிய வழி, லாங் தோட்டாவைத் தேர்வதே.

மருந்தைக் குறைத்தல்

மருந்தைக் குறைத்தாலே மிதமாகிவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. அழுத்தம் போதாவிடில் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அதையறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கலாம், வெடிக்கவும் கூடும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் சுடுவதை நிறுத்தி, தோட்டாக்களை அகற்றிக் குழலைச் சோதிக்க வேண்டும். நீண்ட உறையில் சிறிதளவு மருந்து இடுவதில் வேறொரு சிக்கலும் உண்டு. இருமுறை மருந்து இட்டுவிட்டாலும் அது வழியாது. கண்ணுக்கும் எளிதில் தெரியாது.

மெதுவாக எரியும் மேக்னம் மருந்துகள் சிலவற்றை, குறித்த அளவிலிருந்து குறைக்கவே கூடாதென அவற்றின் உற்பத்தியாளர்கள் எச்சரிக்கின்றனர். மிதவிசைக்கு விரைவாக எரியும் மருந்தே ஏற்றது. உராய்வு குறைந்த ஈயக் குண்டு, செப்பு உறையிட்ட குண்டைவிடக் குழலில் சிக்கும் வாய்ப்புக் குறைவு. வெளியிடப்பட்ட அட்டவணையின் கீழெல்லையும் மேலெல்லையைப் போலவே மீறத்தகாதது.

தட்டைமுனைக் குண்டு

வாட்கட்டர் எனப்படும் தட்டைமுனைக் குண்டு உறைக்குள் ஆழமாக அமர்வதால் வெற்றிடம் குறைகிறது. ஆயினும் ஆழம் கூடக் கூட அழுத்தமும் ஏறும். ஆகையால் இதற்கெனத் தனி அட்டவணை தேவை. தாள் இலக்கில் வட்டமான துளையிடுவதால் புள்ளி எண்ணுதல் எளிது. பன்னாட்டு 25 மீட்டர் மையப்பற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் .32 லாங் வாட்கட்டர் பெரிதும் பயன்படுகிறது.

பராமரிப்பு

குட்டைத் தோட்டாவை நீண்ட அறையில் தொடர்ந்து சுட்டால், உறையின் வாய்க்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அதைத் துடைக்காவிட்டால் பின்னர் நீண்ட தோட்டா அறைக்குள் முழுதாக இறங்காது.