ஆளிறங்கு குழியை வரைவது யார்?

கழிவுநீர்க் குழாய்த் தடத்தில் இடையிடையே அமைக்கப்படும் குழிக்குத் தமிழில் ‘ஆளிறங்கு குழி’ என்று பெயர். எந்த ஆள் இறங்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லவில்லை, சாதி சொல்லிவிடுகிறது. கழிவுநீர்க் கட்டமைப்பு குறித்து நடுவண் அரசு வெளியிட்ட பொறியியல் கையேட்டில் இக்குழிக்கான அளவுகள் உள்ளன. ஆள் நுழைய முடியாத, கையால் தூய்மை செய்யப்படும் குழாய்களில் இரு குழிகளுக்கு இடையே 30 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. 0.9 மீட்டரை விட ஆழமான குழியின் வாய் 560 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மனிதக் கையையும் மனித உடலையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட அளவுகள் இவை.

இந்தக் கையேடுதான் சிவில் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் முதுநிலை வகுப்புகளில் வடிவமைப்புக்கு அடிப்படையாகப் பயிலப்படுகிறது. கழிவுநீர்த் தொட்டி மரணங்களைச் சட்ட அமலாக்கத்தின் தோல்வியாக மட்டுமே நாம் பேசி வருகிறோம். அந்த மரணங்களின் ஒரு பகுதி, தொழிலாளி குழிக்குள் இறங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வரைபடத்தில் முடிவாகிவிடுகிறது. ஆகவே, வரைபலகையின் முன் யார் அமர்கிறார்கள் என்பது தலித் இயக்கங்களின் கேள்வியாக வேண்டும்.

வரைபடத்தில் தொடங்கும் மரணம்

கழிவுநீர்க் குழாயில் நீர் போதிய வேகத்தில் ஓட வேண்டும். உச்ச ஓட்ட நேரத்திலேனும் நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் தேவை என்கிறது கையேடு. சரிவு போதாமல் வேகம் குறைந்தால் மண்ணும் மலமும் அடியில் படியும். படிந்த கசடில் ஆக்சிஜன் தீர்ந்ததும், சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். காற்றை விடக் கனமான இவ்வாயு குழியின் அடியில் தேங்கி நிற்கும். குறைந்த அளவில் இது அழுகிய முட்டை போல் நாறும். பத்து இலட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினாலோ முகரும் உணர்வே மரத்துப்போகும். ‘நாற்றம் இல்லை, இறங்கலாம்’ என்று தொழிலாளி நம்பும் நேரமே மிக ஆபத்தான நேரம். பல நூறு பங்குகளைக் கடந்தால் சில மூச்சுகளில் நினைவு தப்பும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து மடிவது இதனால்தான்.

சரிவைக் கணக்கிடுவது, குழாயின் விட்டத்தைத் தேர்வது, காற்றுப் போக்கிகளை அமைப்பது, உயரழுத்த நீர்த்தாரை வண்டியோ ‘பேண்டிகூட்’ போன்ற இயந்திரமோ வந்து நிற்க இடம் ஒதுக்குவது ஆகிய அனைத்தும் வடிவமைப்புப் பொறியாளரின் முடிவுகள். வண்டி நுழையாத குறுகிய சந்துகளே பல சேரிகளின் நிலை என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லையெனில், இயந்திரம் கொட்டகையில் நிற்கும். மனிதர் குழிக்குள் இறங்குவார்.

சட்டம் விட்ட இடைவெளி

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடை, மலக்குழிகளின் அபாயகரமான தூய்மைப் பணியையும் தடைக்குள் கொண்டுவந்தது. ஆனால், பாதுகாப்புக் கருவிகள் வழங்கப்படாத பணியே ‘அபாயகரமானது’ என்று அச்சட்டம் வரையறுப்பதால், கருவி கொடுத்து ஆளை இறக்கும் வழி அடைபடவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது, இறங்கும் தேவை ஒழியவில்லை. அதை ஒழிப்பதில் பொறியியலுக்குப் பெரும் பங்குண்டு. இன்று ‘இயந்திர நுழைவாயில்’ என்ற புதிய பெயர் அரசு அறிவிப்புகளில் இடம்பெறுகிறது. பெயருக்கேற்ப அளவும் இடைவெளியும் அணுகுசாலையும் மாறினால்தான் அச்சொல் பொருள் பெறும்.

சேரும் வழிகள்

சிவில் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் இந்த முதுநிலைப் படிப்புக்கு வரலாம். ஐஐடி, என்ஐடி நிறுவனங்களில் சேருவதற்குரிய முதன்மை வாயில் ‘கேட்’ தேர்வு. சிவில் தாளுடன், 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்கெனத் தனித்தாளும் உண்டு. மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். நடுவண் அரசு நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசு பொறியியல் கல்லூரிகளிலும் ‘கேட்’ அல்லது மாநில நுழைவுத் தேர்வின் வழியே சேரலாம். இங்குப் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. தூய்மைப் பணிக்குள் பெருமளவில் தள்ளப்பட்டுள்ள அருந்ததியருக்கு அதற்குள் உள்ஒதுக்கீடு 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது.

‘கேட்’ தகுதியுடன் முழுநேரம் பயில்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதங்களுக்குக் கிடைக்கும். அத்தகுதி இல்லாமல் சேர்ந்தால் இத்தொகை இல்லை. பட்டம் பெற்றவுடன் வீட்டுக்கு ஊதியம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறை மாணவருக்கு இந்த வேறுபாடு படிப்பைத் தொடர்வதா, கைவிடுவதா என்பதையே தீர்மானித்துவிடுகிறது. எனவே, இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே ‘கேட்’ பயிற்சியைத் தொடங்குவது நல்லது. கல்லூரிகளில் இயங்கும் அம்பேத்கர் வாசகர் வட்டங்கள் பழைய வினாத்தாள்களையும் மூத்த மாணவர்களையும் கொண்டு இப்பயிற்சியைக் கூட்டாக நடத்த இயலும்.

வெளிநாட்டில் பயில விரும்புவோருக்கு நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உள்ளது. ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்குள்ளும், வயது 35க்குள்ளும் இருக்க வேண்டும். நாடு முழுமைக்கும் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து இவ்வளவே இடங்கள். இந்த எண்ணிக்கையை உயர்த்தக் கோருவதும் நம் பணியே.

ஆய்வுத் தலைப்பும் அரசியலே

முதுநிலையின் இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் ஆய்வேட்டுக்கு உரியது. இடம் கிடைப்பதோடு தடைகள் முடிந்துவிடுவதில்லை. தலைப்பை ஏற்பதும் மறுப்பதும் வழிகாட்டிப் பேராசிரியரின் கையில் இருக்கிறது. சேரி, சாதி என்ற சொற்கள் இடம்பெற்றாலே ‘இது சமூகவியல், பொறியியல் அல்ல’ என்று தள்ளப்படும் வாய்ப்பு உண்டு. மறுமொழியை அளவைகளால் சொல்லலாம். ஒரு வார்டில் அடைப்பு மீண்டும் மீண்டும் நேரும் இடங்களையும் அங்குள்ள குழாய்ச் சரிவையும் ஒப்பிடலாம். ஒரு நகரின் எத்தனை குழிகளை இயந்திர வண்டி எட்டும் என்று அளந்து வரைபடமாக்கலாம். குறுகிய தெருக்களுக்கு ஏற்ற சிறுவிட்டக் குழாய் அமைப்பை வடிவமைக்கலாம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குடியிருப்புகளின் நீர்த்தொட்டிகளைப் பாதுகாப்பதும் நீரின் தரத்தைத் தொடர்ந்து சோதிப்பதும் முழுமையான பொறியியல் ஆய்வுப் பொருள்களே.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1927இல் மகத் குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காகப் போராட்டம் நடத்தினார். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும், 1945இல் உருவான நடுவண் நீர்வழி, பாசன ஆணையத்துக்கும் அடித்தளமிட்டார். குளக்கரையில் தடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் தலைவர், நாட்டின் நீர்க் கொள்கையை வகுக்கும் மேசையில் அமர்ந்தார்.

குடிநீர் வடிகால் வாரியத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும், நகராட்சிப் பொறியியல் பிரிவிலும் வடிவமைப்புக்கு ஒப்புதல் தரும் மேசைகள் இன்றும் இருக்கின்றன. குழிக்குள் இறங்கியவரின் பேத்தி அந்த மேசையில் அமர்ந்து, ‘இந்தக் குழியில் ஆள் இறங்க வேண்டியிருக்கும், வரைபடத்தைத் திருத்துங்கள்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்கான தகுதியைத் தருகிற படிப்பு இது.